மாப்பிள்ளைக்குச் சொன்ன சரி

சலவை ஆலையில் அவளை எல்லோரும் கோடம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரில் கோடு, அதாவது நிரல், எழுதுகிறவள் என்பதால் வந்த பெயர் அது. அவளுடைய மேசைக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருக்கிறது, வேலையில்லாமல் அதைத் தாண்டி வருகிறவன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் திரும்புவான் என்பதால் அந்தப் பெயர் நிலைத்தும் போனது. மூக்கு நுனியில் கோபம் என்பார்களே, அவளுக்கு அது மூக்கிலிருந்து இறங்கி எப்போதோ நாக்குக்கு வந்துவிட்டது. நாற்பதைத் தாண்டியவள், தனிக்கட்டை. அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருந்தாள்.

அக்காவும் அதே ஆலையில்தான் வேலை பார்த்தாள், கீழே ஷெட்டில். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் அறுவை அறைப் பச்சைத் துணிகளும் வண்டி வண்டியாக அங்கே வந்து இறங்கும். ஆள் உயரத்து இயந்திரங்களில் வெந்து அலசிப் பிழிந்து வரும் விரிப்புகளை, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சூடான உருளைக்குள் செலுத்த வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் துணி சுருங்கும், கொஞ்சம் அவசரப்பட்டால் கை சுடும். அக்காவின் இரண்டு முன்னங்கைகளிலும் பழைய சூட்டுக் கோடுகள் உண்டு. மாடியில் கண்ணாடி வைத்த அலுவலகம். கீழிருந்து ஏறும் ஆவியில் அந்தக் கண்ணாடி எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும், மேலே இருப்பவர்களுக்கு அது வசதியாகவும் இருந்தது.

கோடம்மா அந்த அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குத்தான் சேர்ந்தாள். வண்டி எப்போது வருகிறது, எந்தத் துணி எங்கே போகிறது என்பதைக் கணக்கிட ஒரு சின்ன மென்பொருளைத் தானாகவே கற்று எழுதிவிட்டாள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் என்று எழுதியிருக்கிற எந்த வேலை வந்தாலும் அவள் தலையில் கட்டினார்கள். அப்படித்தான் அந்த ஏஐ உதவியாளரும் அவள் தலையில் வந்து விழுந்தது.

நிர்வாகம் அதற்கு ‘பணித்துணை’ என்று பெயர் வைத்தது. ஷெட் ஒரே நாளில் அதை மாப்பிள்ளை என்று மாற்றிவிட்டது. ரொம்ப மரியாதையாகப் பேசும், உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் விசாரிக்கும், ஒரு துணியைக்கூட எடுத்து மடிக்காது. வேறென்ன பெயர் வைப்பது? அதன் முக்கிய வேலை, ஆள் குறைகிற ஷிஃப்டுக்கு ஆள் பிடிப்பது. யாராவது வரவில்லை என்றால் மற்றவர்களின் கைபேசிக்கு மாப்பிள்ளை செய்தி அனுப்பும், வர முடியுமா என்று கேட்கும், பதிலைப் படித்துப் பதிந்துகொள்ளும்.

வந்த புதிதில் அது பேசிய தமிழைக் கேட்டு ஷெட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “அன்பார்ந்த ஊழியரே, தாங்கள் நாளைய பணிக்கு வருகை புரிய இயலுமா?” என்று துணி பிரிக்கிற ஆளுக்குச் செய்தி போனது. அவர் தன் கல்யாணப் பத்திரிகையில்கூட இவ்வளவு மரியாதை பார்த்ததில்லை என்றார். கோடம்மா உட்கார்ந்து அதை வழிக்குக் கொண்டுவந்தாள். நிரலுக்குள் அதற்கான கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதினாள். நீங்கள் என்றே அழை, சுருக்கமாகக் கேள், புரியாத பெரிய சொல் வேண்டாம், உடம்பு சரியில்லை என்று யாராவது சொன்னால் காரணம் தோண்டாதே. ஷெட்டில் மனிதர்கள் நிஜமாகப் பேசிக்கொள்வது போலச் சில உரையாடல்களையும் மாதிரியாக எழுதிச் சேர்த்தாள். அதற்குப் பிறகு மாப்பிள்ளை மனிதர் மாதிரி பேச ஆரம்பித்தது.

ஆனால் ஓரிடத்தில் அவள் சிக்கிக்கொண்டாள். வருகிற பதிலை ஒப்புதல் அல்லது மறுப்பு என்று பிரித்துப் போட வேண்டும். நம் ஆட்கள் என்ன பதில் அனுப்புகிறார்கள் என்று பார்த்தால், பத்தில் எட்டுப் பேர் அனுப்பியது ஒரே சொல். சரி.

இந்தச் சரியை நம்பி எவனாவது நிரல் எழுதுவானா? போனை வைப்பதற்கு நாம் சரி என்கிறோம். பேசுகிறவன் வாயை மூட வைக்கச் சரி சரி என்கிறோம். சண்டை போதும் என்பதற்குச் சரி விடு, சந்தேகம் வந்தால் ஒரு நீளமான சரீ, கடன் கேட்கிறவனைக் கிளப்பச் சரி பார்க்கலாம். பெரிய இடத்தில் சொல்கிற சரிங்க இருக்கிறதே, அதற்கு ‘நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது’ என்பதற்கு மேல் ஒரு அர்த்தமும் கிடையாது. முன்பெல்லாம் மேஸ்திரி ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்பார். சரிங்க என்று மறுமுனையில் குரல் இழுத்த இழுப்பிலேயே, இந்த அம்மா வராது என்று தெரிந்துகொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். கைபேசித் திரையில் எழுத்துத்தான் வரும், இழுப்பு வராது.

அதனால் கோடம்மா மூன்றாவதாக ஒரு பிரிவு வைத்தாள். தெளிவில்லை. வெறும் சரி வந்தால் அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதே, மறுபடி கேள் என்று எழுதினாள். எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும் அவளே எழுதினாள். “கண்டிப்பா வர்றீங்களா, இல்ல முடியாதா? முடியாதுன்னாலும் பரவாயில்ல, எந்த நேரம் முடியும்னும் சொல்லலாம்.” எழுதி முடித்ததும் அவளுக்கே தன் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. ஷெட்டில் அவருக்குப் பெயர் சர்க்கரை. பேச்சில் சூடே இருக்காது, கழுத்தை அறுக்கும்போதும் எப்படி இருக்கீங்க என்று விசாரிப்பார். சில வாரங்கள் போனதும் கோடம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“அந்தத் தெளிவில்லைங்கறத எடுத்துடும்மா,” என்றார். “சரின்னா ஒத்துக்கிட்டாங்கன்னே இருக்கட்டும்.”

“ஏன் சார்? சரின்னு சொல்றவங்க பாதிப் பேர் வரமாட்டாங்க.”

“அது எனக்கும் தெரியும்மா.” அவர் சிரித்தார். “ஆனா ரெண்டாவது தடவை கேட்டா எல்லாரும் முடியாதுன்னுதானே சொல்றாங்க.”

தெரியாமல் செய்கிறவனைத் திட்டலாம், புரியவைக்கலாம். இந்த மனுஷனுக்கு அந்தச் சரியின் இழுப்பு நன்றாகவே கேட்கிறது. கேட்காத காதுள்ள ஒன்றை நடுவில் நிறுத்தி வைத்துவிட்டு, அதன் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறார். கோடம்மாவுக்கு உச்சந்தலை கொதித்தது. மேசையில் இருந்த பேப்பர் வெயிட் மேல் கண் போனது. அவர் அதற்குள் அடுத்த போனை எடுத்துவிட்டார்.

“சரி சார்,” என்றாள். உன் மூஞ்சியை இதற்கு மேல் பார்க்க முடியாது, நான் போகிறேன் என்பதுதான் அந்தச் சரிக்கு அர்த்தம். ஆனால் போய் உட்கார்ந்து அந்தப் பிரிவை எடுத்துவிட்டாள். எடுக்கும்போது விசைப்பலகையை அவள் தட்டிய தட்டலில் பக்கத்து மேசைக் கணக்காளர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

அதன் பிறகு ஆலையில் ஒரு புதிய சொல் முளைத்தது. ‘ஒப்புக்கொண்டு வராதவர்.’ ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மாப்பிள்ளை கேட்கும், அவர்கள் சரிங்க என்று அனுப்புவார்கள், வராமல் இருப்பார்கள், திங்கள்கிழமை அவர்கள் பெயருக்கு எதிரே இந்தச் சொல் ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாள், யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் தானாக ஒப்புக்கொண்டு வராமல் போனால் அது ஒழுங்கீனம். எவ்வளவு அழகாக மடித்து வைத்திருக்கிறார் சர்க்கரை, பாருங்கள். பயந்துபோய்ப் பலர் வர ஆரம்பித்தார்கள். பல முறை வராதவர்களுக்கு விசாரணைக் கடிதம் போனது, விசாரணை முடிந்தால் வேலை போகும் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் கடிதம் அக்காவுக்கு வந்தது.

அக்கா அதைச் சாயங்காலம் மாடிக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். கீழ் வீட்டில் அத்தான் படுத்திருந்தார். லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து முதுகு போனதிலிருந்து அவர் படுக்கையிலேதான் இருந்தார். திரும்பிப் படுக்கவும் ஆள் வேண்டும். வார நாட்களில் ஒரு பெண்மணி வந்து பார்த்துக்கொள்வாள், ஞாயிற்றுக்கிழமை அவளால் வர முடியாது. சில்லறைச் சம்பளத்துக்குக் கடைக்குப் போகிற அக்காவின் மகளும் ஞாயிறு மத்தியானத்தோடு கிளம்பிவிடுவாள். கோடம்மா ஞாயிறுகளில் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாக வேண்டும், துணி வண்டிகளுக்கு விடுமுறை கிடையாது. அக்காவின் ஒரு சம்பளம்தான் அந்த வீட்டின் அடுப்பு, மருந்து, பெண்மணியின் கூலி எல்லாம்.

“ஏன்க்கா சரின்னு அனுப்பின?” கோடம்மா கடிதத்தைப் படித்துவிட்டுக் கத்தினாள். “ஞாயித்துக்கிழமை உன்னால போக முடியாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“பின்ன என்னன்னு அனுப்பறது?”

“முடியாதுன்னு அனுப்பணும். நாலு எழுத்து. கை வலிக்குதா?”

“மேல இருந்து கேக்கறாங்க. எடுத்த எடுப்புல முடியாதுன்னா திமிர்னு நினைப்பாங்க. சரிங்கன்னு சொல்லி வச்சா அவங்களே புரிஞ்சுக்குவாங்க. மேஸ்திரி புரிஞ்சுக்கல?”

“அது மேஸ்திரி. இது மெஷினு. மெஷினுக்கு எப்படிப் புரியும்? இப்படி வாயில கொழுக்கட்டை வச்சுக்கிட்டே இருந்தா எவன்தான் மதிப்பான்?”

அக்காவுக்குச் சட்டென்று கோபம் வராது. வந்தால் குரல் இறங்கும்.

“மெஷினுக்கு நீதானே சொல்லிக் கொடுத்த,” என்றாள்.

“நான் சரியாத்தான் சொல்லிக் கொடுத்தேன். வெறும் சரின்னு வந்தா திரும்பக் கேக்கணும்னு எழுதி வச்சிருந்தேன். அந்த ஆளு அதை எடுக்கச் சொல்லிட்டான்.”

“எடுக்கச் சொன்னப்ப நீ என்ன சொன்ன?”

கோடம்மா கடிதத்தை மறுபடி புரட்டினாள். கீழே அத்தான் இருமுகிற சத்தம் கேட்டது.

“சொல்லுடி. என்ன சொன்ன?”

“சரின்னேன்,” என்றாள் கோடம்மா.

அக்கா கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு அத்தானைப் புரட்டிப் போடக் கீழே இறங்கிப் போனாள். கோடம்மாவுக்கு அன்று வந்த கோபம் போல வாழ்நாளில் வந்ததில்லை. யார் மேல் என்று திட்டமாகத் தெரிந்த கோபங்களே அவளுக்குப் பழக்கம். இது எங்கே திரும்பினாலும் அவளிடமே வந்து நின்றது. திட்டுவதற்கு நாக்கு இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, சுழலும் விசிறி இருக்கிறது, ஆனாலும் மேனேஜர் அறைக்குள் நின்றபோது உருளைக்கு முன்னால் நிற்கிற அக்காவைவிட ஒரு சொல் கூடுதலாகப் பேசவில்லை.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். நரைத்த தலை, எதையும் இரண்டு முறை படிக்கிற பழக்கம். மாடியில் மேனேஜர் அறையில்தான் விசாரணை நடந்தது. அக்கா வேலை உடையோடு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பதிவுகள் சரியானவைதான் என்று சொல்வதற்காகக் கோடம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“பாருங்க மேடம், நாங்க யாரையும் கட்டாயப்படுத்தல,” என்றார் சர்க்கரை. “அவங்களாத்தான் சரின்னு எழுதியிருக்காங்க. ஒவ்வொரு தடவையும். இந்தப் பதிவெல்லாம் சரிதானேம்மா?”

“பதிவு சரி,” என்றாள் கோடம்மா. “அர்த்தம் தப்பு.”

அதிகாரி நிமிர்ந்தார். கோடம்மா நாற்காலியில் உட்காராமலே பேசினாள். மாப்பிள்ளையை எப்படி எழுதினாள், எதை எடுக்கச் சொன்னார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். ரெண்டாவது தடவை கேட்டா முடியாதுன்னுதானே சொல்றாங்க என்ற வாக்கியத்தை அவர் சொன்ன அதே இனிப்போடு சொல்லிக் காட்டினாள். “அப்ப நானும் சரின்னு சொல்லிட்டு வந்து எடுத்தேன் மேடம். எடுத்தது என் கைதான். எனக்கும் ஒரு கடிதம் கொடுக்கறதா இருந்தா கொடுங்க, வாங்கிக்கறேன். ஆனா இவங்க ஒத்துக்கிட்டாங்கன்னு மட்டும் நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.” குரல் நடுங்கியது. அழுகை என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள்.

சர்க்கரை சிரிப்பை விடவில்லை. “ஒரே ஒரு வரி மேடம். அதுல என்ன பெரிய வித்தியாசம் வந்துடப் போகுது?”

“வித்தியாசம் இல்லன்னா அதை எதுக்கு எடுத்தீங்க?” என்று கேட்டார் அதிகாரி. பிறகு கோடம்மாவிடம் திரும்பினார். “வர்ற ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் கேட்டாச்சா?”

“இன்னும் இல்ல மேடம். சாயங்காலம்தான் போகும்.”

“இப்பவே கேளுங்க. நீங்க முதல்ல எழுதினபடி கேளுங்க.”

கோடம்மா மடிக்கணினியை மேனேஜர் மேசையிலேயே வைத்துத் திறந்தாள். எடுத்த பிரிவை மறுபடி எழுதிச் சேர்த்தாள். இந்த முறை தட்டவில்லை, நிதானமாக எழுதினாள். ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேள்வியை அனுப்பினாள். தேநீர் இடைவேளை நேரம். மங்கிய கண்ணாடிக்குக் கீழே கைபேசிகள் ஒவ்வொன்றாக ஒலிப்பது மேலே வரை கேட்டது.

முதலில் சரிகள் வந்தன. சரி. சரிங்க. சரி சார். சர்க்கரை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மாப்பிள்ளை ஒவ்வொருவரிடமும் மறுபடி கேட்டது. கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை, இப்படியும் கேட்பார்களா என்று கீழே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அப்புறம் ஒரு பதில் வந்தது. முடியாதுங்க, பையனுக்குக் காய்ச்சல். அடுத்து, முடியாது. அடுத்து, இந்த வாரம் முடியாது அடுத்த வாரம் வர்றேன். துணி பிரிக்கிற ஆள் மட்டும், மாப்பிள்ளை கேட்டு மறுக்க முடியுமா, கண்டிப்பா வர்றேன் என்று எழுதியிருந்தார். அதிகாரி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சர்க்கரையின் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் காலியாக இருந்தது.

அக்காவின் மடியிலும் கைபேசி அதிர்ந்தது. அவளும் அந்த ஷிஃப்டின் ஆள்தானே. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, முதலில் சரிங்க என்று அனுப்பினாள். கோடம்மா பல்லைக் கடித்தாள். மாப்பிள்ளை மறுபடி கேட்டது. அக்கா அந்தக் கேள்வியை மெல்லப் படித்தாள், கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி நெடுநேரம் எழுதினாள். திரையில் வந்தது.

‘காலையில வர்றேன். மக வீட்ல இருப்பா. மத்தியானத்துக்கு மேல அவளுக்குக் கடைல வேலை, அப்ப என்னால முடியாது.’

சர்க்கரைதான் முதலில் வாயைத் திறந்தார்.

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. காலையில மட்டும் வந்தாலே எனக்குப் போதுமே.”

“யாரு சார் கேட்டா?” என்றாள் அக்கா. கேள்வியாகத்தான் கேட்டாள், குத்தலாக அல்ல.

அதிகாரி அக்காவின் பெயருக்கு எதிரே இருந்ததை எல்லாம் அங்கேயே நீக்கச் சொன்னார், மற்றவர்களுடையதையும் சேர்த்து. மேனேஜரைத் தனியாகப் பேச வேண்டும் என்று இருக்கச் சொல்லிவிட்டு மற்ற இருவரையும் போகச் சொன்னார். அக்காவின் வேலை பிழைத்துவிட்டது. ஆனால் படியிறங்கும்போதே கோடம்மாவுக்கு மறுபடி மூக்கு சிவந்துவிட்டது.

“ஏன்க்கா வர்றேன்னு எழுதின? இவ்வளவு பண்ணின ஆளுக்கு முடியாதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்ல வேண்டாமா? உனக்காகத்தானே நான் அங்க நின்னு கத்தினேன்?”

அக்கா நின்றாள். ஆவியில் அவள் முகம் வேர்த்திருந்தது.

“என்னால காலையில வர முடியும், அதனால வர்றேன்னேன். அந்த ஆளுக்குப் பயந்து சரின்னு சொல்லணும், உன் கோபத்துக்குப் பயந்து முடியாதுன்னு சொல்லணுமா? எனக்குன்னு ஒரு பதில் இருக்கக் கூடாதாடி?”

சொல்லிவிட்டு உருளைப் பக்கம் போனாள். எதிர் முனையில் விரிப்பைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி காத்திருந்தாள்.